இடிமழை ஆஸ்துமா: மெல்பர்னின் புல் மகரந்தமும் மாறிவரும் காலநிலையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இடிமழை ஆஸ்துமா என்பது தனி நோயா?

இல்லை. தமிழ்நாட்டில் இழுப்பு, வீசிங் என்றும் யாழ்ப்பாணத்தில் தொய்வு, முட்டு என்றும் சொல்லும் அதே மூச்சுத்திணறல்தான். வருகிற விதம்தான் வேறு. காற்றில் புல் மகரந்தம் மிகுந்திருக்கும் வசந்தகால நாளில் ஒரு குறிப்பிட்ட வகை இடிமழை வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நகரமே சேர்ந்து மூச்சுக்குத் தவிக்கும் நிலை உண்டாகிறது.

2016 நவம்பர் 21, திங்கட்கிழமை, ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் அதுதான் நடந்தது. பகலில் வெயில் 35 டிகிரியை ஒட்டி இருந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் புல் மகரந்தத் துகள்கள் 100-ஐத் தாண்டியிருந்தன. மாலையில் மேற்கிலிருந்து புயற்காற்று வீசியதும் வெப்பம் சடாரென்று 10 டிகிரிக்கு மேல் இறங்கியது. அடுத்த 30 மணி நேரத்தில் மெல்பர்ன், ஜீலாங் பகுதி அவசரப் பிரிவுகளுக்கு மூச்சுக் கோளாறோடு வந்தவர்கள் வழக்கத்தைவிட 3,365 பேர் அதிகம். 10 பேர் இறந்தார்கள். உலகில் இதுவரை பதிவானவற்றில் இதுவே மிகப் பெரியது. 1987, 1989, 2010 ஆண்டுகளிலும் மெல்பர்ன் இதைச் சந்தித்திருக்கிறது. 1994 ஜூன் 24 இரவு லண்டனில் வந்த இடிமழைக்குப் பிறகு 30 மணி நேரத்தில் 640 பேர் அங்குள்ள அவசரப் பிரிவுகளுக்குப் போனார்கள்.

மழை பெய்தால் தூசி அடங்கும். மகரந்தம் மட்டும் எப்படிக் கூடுகிறது?

மழை நின்று பெய்தால் மகரந்தமும் அடங்கத்தான் செய்யும். ஆபத்து மழையில் இல்லை. மழைக்குச் சற்று முன்னால் முகத்தில் அடிக்கும் அந்தக் குளிர்காற்றில் இருக்கிறது.

மெல்பர்னின் மேற்கிலும் வடக்கிலும் பரந்த மேய்ச்சல் நிலங்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து ஆடுமாடுகளுக்காக விதைத்த ரை புல் அங்கே அக்டோபரிலிருந்து பூக்கிறது. அதன் முழு மகரந்தத் துகள் சுமார் 35 மைக்ரான் அளவு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இவ்வளவு பெரியது நுரையீரலுக்குள் இறங்காது. மூக்கிலும் தொண்டையிலும் கண்ணிலும் தங்கித் தும்மலையும் அரிப்பையும் தரும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு துகளுக்குள் நூற்றுக்கணக்கான மாவுமணிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 3 மைக்ரானுக்கும் குறைவாக. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் அவற்றோடு ஒட்டியிருக்கிறது.

இடிமேகம் வளரும்போது தரையிலிருக்கும் காற்றை மகரந்தத்தோடு சேர்த்து மேலே உறிஞ்சுகிறது. மேலே ஈரம் பட்ட துகள் நீரை இழுத்து ஊறி வெடிக்கிறது. மாவுமணிகள் சிதறுகின்றன. பிறகு மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று அவற்றை அள்ளிக்கொண்டு தரையோடு தரையாகப் பரவுகிறது. அந்த நேரத்தில் வாசலில் நிற்பவர் இழுக்கும் மூச்சில் இருப்பது மூக்கில் தங்கும் பெரிய துகள் அல்ல, சிறு காற்றுக்குழாய்வரை போகும் பொடி. மின்னலுக்கும் உலர்ந்த காற்றுக்கும் துகளை உடைப்பதில் பங்கு உண்டா என்ற ஆய்வு இன்னும் நடக்கிறது. ஆல்டர்நேரியா போன்ற பூஞ்சைகளின் வித்துகளும் சில நிகழ்வுகளில் காற்றில் கூடியிருந்தன.

எனக்கு ஆஸ்துமா கிடையாது. வசந்தத்தில் தும்மலும் கண் அரிப்பும் மட்டும்தான். நான் கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

2016-இல் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பின்னர் கேட்டறிந்தபோது, மருத்துவர் உறுதிசெய்த ஆஸ்துமா அப்போது இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 10 பேரில் 8, 9 பேருக்கு ஹே ஃபீவர், அதாவது மகரந்த ஒவ்வாமையால் வரும் தும்மலும் மூக்கு, கண் அரிப்பும், இருந்தது. “வெறும் தும்மல்தானே” என்று வருடக்கணக்காக விட்டவர்கள், கையில் ஒரு இன்ஹேலரும் இல்லாமல் அன்று மாட்டிக்கொண்டார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு வருகிறதென்றால் உங்களுக்கு ரை புல் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு அதிகம். சருமத்தில் குத்திப் பார்க்கும் பரிசோதனையிலோ இரத்தப் பரிசோதனையிலோ தெரிந்துவிடும். இரவில் இருமல், ஓடினால் நெஞ்சு இறுக்கம், சளி பிடித்தால் மூன்று நான்கு வாரம் விடாத இருமல் ஆகியவை கூடவே இருந்தால் அது கண்டுபிடிக்கப்படாத ஆஸ்துமாவாக இருக்கலாம். ஆகஸ்டிலேயே குடும்ப மருத்துவரைப் பாருங்கள். நவம்பரில் போனால் காலம் கடந்திருக்கும்.

இந்திய, இலங்கை வம்சாவளியினருக்கு இது கூடுதலாக வருகிறது என்கிறார்களே, உண்மையா?

2016-இல் பாதிக்கப்பட்டவர்களில் ஆசிய, இந்திய வம்சாவளியினரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. காரணம் முழுதாக விளங்கிவிடவில்லை. சில விஷயங்கள் மட்டும் தெரியும். குளிர்நாட்டுப் புல்லை அறியாத உடல் இங்கே வந்த உடனே ஒவ்வாமை காட்டாது. சில வசந்தங்கள் கழிந்த பிறகே தொடங்கும். அதனால்தான் வந்து ஐந்தாறு ஆண்டு ஒன்றுமில்லாமல் இருந்தவர் திடீரென்று தும்மத் தொடங்கி, “தண்ணி மாறினதால வந்த சளி” என்று நினைத்துக்கொள்கிறார். நம்மவர்கள் பலர் புதிதாகக் குடியேறும் மேற்கு, வடக்குப் புறநகர்கள் மேய்ச்சல் நிலங்களின் ஓரத்திலேயே இருக்கின்றன. ஒவ்வாமையை நோயாகவே எண்ணாத வழக்கம், பெரியவர்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொல்லத் தயங்குவது, இவையும் சேர்கின்றன.

காலநிலை மாற்றம் இதில் எங்கே வருகிறது?

ஒரு வழியில் மட்டும் வரவில்லை. எல்லா வழிகளும் ஒரே திசையில் போகவும் இல்லை. அதனால் பிரித்துப் பார்ப்பதே நேர்மை.

முதலில் கரியமில வாயு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. செடிக்கு அது உணவு. ரை புல்லின் நெருங்கிய உறவான டிமத்தி புல்லை இரு மடங்கு கரியமில வாயுவில் வளர்த்துப் பார்த்தபோது, ஒரு பூங்கதிர் தரும் மகரந்தம் ஏறத்தாழ பாதியளவு கூடியது. அமெரிக்காவில் ராக்வீட் என்ற களைச்செடியும் இதேபோல் கூடுதலாகப் பொழிந்தது.

அடுத்தது பருவத்தின் நீளம். வட அமெரிக்காவில் 60 நிலையங்களில் 1990 முதல் 2018 வரை எண்ணிய மகரந்தக் கணக்கின்படி, பருவம் சுமார் 20 நாள் முன்னதாகத் தொடங்குகிறது, 8 நாள் நீண்டிருக்கிறது, மகரந்த அளவு 21 சதவீதம் உயர்ந்திருக்கிறது. பருவம் முந்தியதில் ஏறத்தாழ பாதிக்கு மனிதரால் வந்த வெப்பமயமாதல் காரணம் என்றும், அளவு உயர்ந்ததில் அதன் பங்கு 8 சதவீதம் அளவே என்றும் அந்த ஆய்வே பிரித்துச் சொன்னது. “எல்லாம் காலநிலையால்” என்று பேசுவோர் இந்த இரண்டாவது எண்ணை விட்டுவிடுகிறார்கள்; விடக்கூடாது.

மூன்றாவது மழை. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். குறுகிய நேரத்தில் கொட்டும் மழை வலுக்கிறது. நான்காவது, காட்டுத்தீப் புகையும், வெயிலில் உருவாகும் தரைமட்ட ஓசோனும். இரண்டும் காற்றுக்குழாயைப் புண்ணாக்கி வைக்கும். புண்பட்ட குழாயில் மகரந்தம் பட்டால் சுருக்கம் கடுமையாகும். 2019–20 கோடையில் கிழக்கு ஆஸ்திரேலியா முழுதும் வாரக்கணக்கில் புகைக்குள் கிடந்ததை இங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் மெல்பர்னில் ஆண்டுக்கு ஆண்டு மகரந்தம் கூடுகிறதா?

நேர்க்கோட்டில் இல்லை. இங்கே ஆண்டைத் தீர்மானிப்பது குளிர்கால, வசந்தகால மழை. நல்ல மழை பெய்தால் புல் தழைத்துப் பூக்கும், வறண்டால் அக்டோபரிலேயே காய்ந்துவிடும். 2016-இல் நவம்பருக்கு முன்னால் ஈரமான வசந்தம். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் குளிர்கால மழை குறைந்துவருகிறது, மேலும் குறையும் என்பதே கணிப்பு. அதனால் சில ஆண்டுகள் இலேசாகவும் கழியலாம். இதில்தான் மக்கள் ஏமாறுகிறார்கள். இரண்டு மூன்று வறண்ட வசந்தம் போனதும் மருந்தை நிறுத்திவிட்டு, அடுத்த ஈரமான ஆண்டில் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

முன்னறிவிப்பை எங்கே பார்ப்பது? எப்படிப் படிப்பது?

2017-இலிருந்து, மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை தினமும் இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு தருகிறது. மாநிலத்தின் அவசர எச்சரிக்கைச் செயலியான விக்எமர்ஜென்சியைக் கைப்பேசியில் இறக்கி, உங்கள் வீட்டையும் பிள்ளையின் பள்ளியையும் கண்காணிப்பு இடங்களாகப் பதியுங்கள். அறிவிப்புக்கு அனுமதி கொடுக்காமல் விடுவதுதான் வழக்கமான தவறு. பச்சை குறைவு, ஆரஞ்சு மிதம், சிவப்பு அதிகம்.

மகரந்த எண்ணிக்கை வேறு, இது வேறு. புல் மகரந்தம் ஒரு கன மீட்டரில் 20-க்குக் கீழே குறைவு, 20 முதல் 49 மிதம், 50 முதல் 99 அதிகம், 100-உம் அதற்கு மேலும் மிக அதிகம். எண்ணிக்கை 120 என்றாலும் இடிமழை இல்லையென்றால் ஆபத்து பச்சையாகவே இருக்கலாம். அன்று உங்கள் தும்மல் மட்டும் மோசமாகும். மகரந்தமும் உரிய வகைப் புயற்காற்றும் ஒன்றுசேரும்போதுதான் சிவப்பு. நிறம் ஆரஞ்சு என்றாலும் ஒவ்வாமை உள்ளவர்கள் இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சிவப்பு நாளில் என்ன செய்வது?

காலையிலேயே நீல இன்ஹேலர் (இறுகிய காற்றுக்குழாயை உடனே தளர்த்தும் நிவாரணி) பையில் இருக்கிறதா, அதில் எத்தனை முறை மிச்சம் என்று பாருங்கள். எண் காட்டும் சாளரம் இருந்தால் அதை நம்புங்கள். குலுக்கிப் பார்ப்பதும் தண்ணீரில் மிதக்கவிடுவதும் பயன்படாது. மருந்து தீர்ந்த பிறகும் வாயு வரும். அன்றைக்கான தடுப்பு மருந்தைத் தவறவிடாதீர்கள்.

புயல் வரும் முன்னரே உள்ளே போய்விட வேண்டும். மேகம் கறுத்ததும் துணி எடுக்க வெளியே ஓடுவது, காற்று சில்லென்று அடிக்கிறதே என்று வாசலில் நிற்பது, இரண்டும் வேண்டாம். சன்னல், கதவுகளைச் சாத்துங்கள். பிறகு குளிரூட்டி. மெல்பர்னில் பல வீடுகளின் கூரையில் இருப்பது நீராவிக் குளிரூட்டி. அது வெளிக்காற்றை இழுத்து வீட்டுக்குள் தள்ளும் இயந்திரம். சன்னலை எல்லாம் சாத்திவிட்டு அதை ஓடவிட்டால் செய்த காரியம் வீண். அதை நிறுத்துங்கள். உள்காற்றையே சுழற்றும் ஸ்பிளிட் ஏசி என்றால் ஓடட்டும். காரில் உள்காற்றைச் சுழற்றும் பொத்தானை அழுத்துங்கள்.

பிள்ளைகளின் மாலை கிரிக்கெட் பயிற்சி, தோட்டத்தில் வைக்கும் தீபாவளி விருந்து எல்லாம் இந்தப் பருவத்தில்தான் விழுகின்றன. சிவப்பு நாளில் தள்ளிவையுங்கள். முடியாவிட்டால் காற்று திரும்பும் முன் எல்லோரையும் உள்ளே அழைத்துவிட ஒருவரை முன்கூட்டியே பொறுப்பாக்குங்கள்.

தடுப்பு மருந்தை எப்போது தொடங்க வேண்டும்?

ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் ஒரே நாளில் வேலை செய்யாது. முழுப் பலன் கிடைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். ஆகவே பருவம் தொடங்கும் முன், செப்டம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்து டிசம்பர் முடியத் தினமும் அடிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் தினசரி மருந்து. இழுப்பு வந்தால் எடுப்பதற்கு அல்ல. வசந்தத்தில் மட்டும் இழுப்பு வருபவர்களுக்கும் செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை அதைத் தரும் முறை உண்டு.

தெளிப்பான் பலிக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் தவறாக அடிக்கிறார்கள். மூக்கைச் சிந்துங்கள். தலையைச் சற்றுக் குனியுங்கள், அண்ணாந்து பார்க்க வேண்டாம். வலது நாசிக்கு இடது கையாலும் இடது நாசிக்கு வலது கையாலும் பிடித்து, நுனியைக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் திருப்பி அடியுங்கள். நடுச்சுவரில் பட்டால் எரியும், இரத்தம் கசியும். அடித்தபின் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். மெதுவாக மூச்செடுத்தால் போதும்.

செடிரிசின், லோராடடின், ஃபெக்சோபெனடின் போன்ற மாத்திரைகள் தும்மலுக்கும் அரிப்புக்கும் நல்லவை. மூக்கடைப்புக்கு அவ்வளவு உதவாது, ஆஸ்துமாவைத் தடுக்கவே தடுக்காது. உடனடியாக அடைப்பைத் திறக்கும் தெளிப்பானைச் சில நாளுக்கு மேல் தொடர்ந்தால் நிறுத்தியதும் அடைப்பு இரட்டிப்பாகத் திரும்பும்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும், மாத்திரையே நல்லது என்று அம்மா சொல்கிறார்.

இந்த நம்பிக்கையால் நம் வீடுகளில் உயிர்ச்சேதம் வரை போகிறது; பொறுமையாக விளக்குங்கள். இன்ஹேலர் போதைப் பொருள் அல்ல. நேராகக் காற்றுக்குழாய்க்குப் போவதால் மைக்ரோகிராம் அளவு மருந்தே போதுமாகிறது. மாத்திரை உடல் முழுதும் சுற்றி வர வேண்டும். உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு: வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்பட்டால் அது பழக்கமல்ல, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பதன் அடையாளம். நீலம் இறுக்கத்தைத் தளர்த்தும், உள்ளிருக்கும் வீக்கத்தைத் தொடாது. அதனால்தான் இப்போது பலருக்கு பியூடிசோனைடும் ஃபார்மோடெராலும் கலந்த ஒரே இன்ஹேலரை நிவாரணியாகவும் எழுதுகிறார்கள்.

ஸ்பேசர் கட்டாயமா?

ஸ்பேசர் என்பது இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் பிளாஸ்டிக் குழல். நெருக்கடியில் மூச்சிழுப்பதையும் இன்ஹேலரை அழுத்துவதையும் ஒத்திசைக்க முடியாது. ஸ்பேசர் இல்லாவிட்டால் மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிவிடும். சிறு பிள்ளைகளுக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர். மாதம் ஒருமுறை இளஞ்சூட்டு நீரில் பாத்திரச் சோப்பு கலந்து கழுவி, அலசாமல், துடைக்காமல் அப்படியே காயவையுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவரோடு இழுத்துக்கொள்ளும்.

மூச்சுத்திணறல் வந்துவிட்டது. என்ன வரிசையில் செய்வது?

நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். நீல இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி ஒருமுறை அழுத்துங்கள், 4 மூச்சு இழுக்கட்டும். மறுபடி குலுக்கி அழுத்துங்கள், மறுபடி 4 மூச்சு. இப்படி 4 முறை. நான்கையும் ஒன்றாக அழுத்திவிடாதீர்கள். 4 நிமிடம் காத்திருங்கள். குறையவில்லையென்றால் இன்னொரு 4. அதற்கும் கேட்கவில்லையென்றால் ஆஸ்திரேலிய அவசர எண் 000-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை 4 நிமிடத்துக்கு 4 என்று தொடருங்கள். கலப்பு இன்ஹேலர் பயன்படுத்துபவர்களுக்கு அளவு வேறு. அதை மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஆஸ்துமா திட்டத்தாளில் பாருங்கள்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, விலா இடுக்கு உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்காமல் முதலிலேயே அழையுங்கள். வீசிங் சத்தம் திடீரென்று நின்றுபோய், ஆனால் ஆள் சோர்ந்தால் அது குணமல்ல. காற்றே உள்ளே போகவில்லை. காரில் ஏற்றி நீங்களே மருத்துவமனைக்கு ஓட்டிச் செல்வதைத் தவிருங்கள்.

முன்பு ஆஸ்துமா இல்லாதவருக்கும் இதே முதலுதவிதான். இன்ஹேலர் இல்லையென்றால் பக்கத்தில் யாரிடம் இருந்தாலும் வாங்கிக் கொடுங்கள். நீல இன்ஹேலரை ஆஸ்திரேலிய மருந்தகத்தில் சீட்டு இல்லாமலே மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். அக்டோபர் பிறக்கும் முன்னரே ஒன்று வாங்கி வையுங்கள்.

ஆவி பிடிப்பது, கசாயம், சாம்பிராணி?

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பயனுள்ளது. கொதிக்க வைத்து ஆறிய நீர் மட்டுமே. கசாயம் தொண்டைக்கு இதம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். ஆவி காற்றுக்குழாயைத் திறக்காது, பிள்ளைகளுக்குச் சுட்டுவிடும் ஆபத்து உண்டு. சாம்பிராணியும் ஊதுபத்தியும் கற்பூரமும் புகைதான். கதவு சாத்திய வீட்டில் ஏற்றினால் வெளியே தவிர்த்த எரிச்சலை உள்ளே கொண்டுவருகிறீர்கள். அன்று விளக்கு மட்டும் ஏற்றுங்கள்.

முகக்கவசம் உதவுமா?

நன்றாகப் பொருந்திய பி2 அல்லது என்95 வகை, காட்டுத்தீப் புகைக்கும் மகரந்தத்துக்கும் உதவும். துணிக்கவசம் பொடித் துகளைத் தடுக்காது. எதை அணிந்தாலும் புயலில் வெளியே நிற்க அது அனுமதிச்சீட்டு அல்ல.

ஒவ்வாமையையே குறைக்க வழி இருக்கிறதா?

தடுப்பாற்றல் சிகிச்சை உண்டு. புல் மகரந்தச் சாற்றை நாவடியில் வைக்கும் மாத்திரையாகவோ ஊசியாகவோ சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்குவது. மொத்தம் மூன்று ஆண்டாவது எடுக்க வேண்டும். மாத்திரை என்றால் பருவத்துக்கு நான்கு மாதம் முன்பு, அதாவது ஜூன் வாக்கில் தொடங்குவது வழக்கம். முதல் மாத்திரையை மருத்துவர் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும். செலவு கணிசம், கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவோடு தொடங்கவும் கூடாது. முதலில் ஆஸ்துமாவைச் சீராக்குங்கள்.

நவம்பரில் ஊருக்குப் போனால் தும்மலே இல்லை. அப்போது மருந்தை நிறுத்தலாமா?

ரை புல் குளிர்நாட்டுப் பயிர். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அது இல்லாததால் மூக்கு ஓய்வெடுக்கிறது. ஆனால் அங்கே வீட்டுத்தூசிப் பூச்சி, சீமைக்கருவேல மகரந்தம், வாகனப் புகை ஆகியவை ஆஸ்துமாவைத் தூண்டலாம். தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரை ஊரிலும் தொடருங்கள். டிசம்பர் நடுவில் திரும்புகிறீர்கள் என்றால் மூக்குத் தெளிப்பானையும் நிறுத்த வேண்டாம், ஏனென்றால் விமானம் இறங்கும் நாளிலும் இங்கே பருவம் முடிந்திருக்காது. நீல இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல.